மட்டக்களப்பு எங்க இருக்கு?

போன மாதம் அம்மாவின் ஒரு அலுவலுக்காகக் கந்தோருக்குப் போயிருந்தோம். அம்மா பிறந்தது 1957, தம்பிலுவில். பிறப்புப் பத்திரத்தில் மாவட்டம் என்ற இடத்தில் மட்டக்களப்பு என்று இருக்கு. நானும் அதே தம்பிலுவில்தான், என்ர பத்திரத்தில் அம்பாறை. இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்த கந்தோர்ப் பிள்ளை, "அம்மா வெளி மாவட்டமா? எப்ப இஞ்ச வந்தீங்க?" என்று கேட்டது.

"நான் இருந்த இடத்திலதான், மகள், இருக்கன். மாவட்டம்தான் எழும்பிப் போயிற்று" என்றா அம்மா, சிரிக்காமலே.

1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். வோட்டுப் போடும் நாளில் அந்தப் பெயரும் செல்லாது, தேர்தல் மாவட்டத்துக்குப் பெயர் திகாமடுல்ல. ஒரே வளவு, ஒரே கிணறு, பெயர் மட்டும் மூன்று.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பழைய புத்தகங்களை இன்றைய மாவட்ட வரைபடத்தை விரித்து வைத்து வாசிக்கிற ஒரு பழக்கம் முகநூலில் பெருகிக்கொண்டு வருகுது. 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற பழைய வரலாற்று ஏடு எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962இல் அச்சில் வந்தது. வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964. இரண்டும் மாவட்டம் பிரிந்த பிறகு வந்தவை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கிற திருக்கோவிலும் அவற்றின் மட்டக்களப்புக்குள் இருக்கு, சம்மாந்துறையும் இருக்கு. வடக்கே வெருகல், தெற்கே குமணை என்று பழைய ஆக்கள் எல்லை சொல்லும் அந்த நாடுதான் அது. அரசாங்கக் கச்சேரி மாவட்டம் பிரிக்க வெட்டின கோடு ஏட்டுக்குள் போகவில்லை. அந்த மட்டக்களப்பைக் கொண்டுபோய் இன்றைய டவுன் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தேடினால் என்ன கிடைக்கும்?

சொல்லப்போனால் புளியந்தீவு என்ற தீவில் இருக்கிற டவுனுக்கு அந்தப் பெயரே பிந்தி வந்ததுதான். என்ர அம்மம்மா ஒருநாளும் மட்டக்களப்புக்குப் போறன் என்று சொன்னதில்லை. "மறுகா ஒரு நாளைக்குப் புளியந்தீவுக்குப் போய் கண்ணைக் காட்டிட்டு வரணும்" என்றுதான் சொல்லுவா. அவவுக்கு மட்டக்களப்பு போகிற இடமில்லை, இருக்கிற இடம். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். நாட்டின் பெயர் மெல்ல மெல்லக் கோட்டை இருந்த தீவில் போய் ஒட்டிக்கொண்டது. 1602இல் வந்திறங்கிய ஒல்லாந்துக் கப்பல்காரர் ஸ்பில்பேர்கனின் பயணக் குறிப்பில் 'மட்டேகலோ' வருகுது. அப்போது அந்தக் கோட்டையே இல்லை! பழைய மட்டக்களப்பு சம்மாந்துறைப் பக்கம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகுது.

போர்த்துக்கேயர் வாயில் 'ம' போய் 'ப' வந்து மட்டக்களப்பு 'பட்டிக்கலோ' ஆனதில் இன்னொரு கூத்து. கன்னடக் கரையில் இருக்கிற பட்கல் துறையையும் அவர்கள் கிட்டத்தட்ட இதே எழுத்துகளில்தான் எழுதினார்கள். அது விஜயநகரத்துக்குக் குதிரை இறங்கின துறை. இது தெரியாமல் ஒரு இரவு முழுக்க இணையத்தில் கிடந்து, எங்கட களப்பில் அரபுக் குதிரை எப்ப இறங்கினது என்று நான் மண்டையைப் போட்டு உடைத்தது தனிக்கதை.

பெயரின் பொருள் பற்றிய சண்டைக்குள் நான் போகல்ல. சிங்களத்தில் மடகலபுவ, சேற்றுக் களப்பு. தமிழில் மட்டு என்றால் தேன் என்பார்கள், எல்லை என்பார்கள். ஆளுக்கொரு விளக்கம். ஆனால் 'களப்பு' எல்லாருக்கும் பொது, களப்பு என்றாலே வாவிதான். அதனால்தான் "மட்டக்களப்பு வாவி" என்று கேட்கும்போதெல்லாம் நடுச் சென்டர் ஞாபகம் வந்து சிரிப்பு வரும். அந்த வாவியும் டவுனோடு நிற்கிறதில்லை. தெற்கே கல்முனைக்குப் பக்கத்தில் கிட்டங்கி வரைக்கும் வருகுது. மாரிக்கு அந்த றோட்டில் முழங்கால் தண்ணியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும், அது எந்த மாவட்டத்துத் தண்ணி என்று.

யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு: மட்டக்களப்புக்குப் போனவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்களாம். அந்தப் பழியில் தெற்கே அம்பாறை மாவட்டத்துப் பொத்துவில்காரனுக்கும் வடக்கே மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைக்காரனுக்கும் சம பங்கு. பழி சொல்லும்போது மட்டும் ஒருவரும் மாவட்டம் பிரித்துப் பார்க்கிறதில்லை.

விபுலானந்த அடிகள் மட்டக்களப்பாரா, அம்பாறையாரா என்று போன கிழமையும் இரண்டு பேர் அடிபட்டார்கள். இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கிற காரைதீவில் அவர் பிறந்தது 1892இல். அம்பாறை மாவட்டம் வர இன்னும் 69 வருசம் இருந்தது. சமாதி மட்டக்களப்பு டவுனுக்குப் பக்கத்தில், கல்லடி உப்போடையில். யாழ்நூல் எழுதின ஆளை எந்தப் பெட்டிக்குள் போடுகிறது என்று சண்டை பிடிக்கிற நேரத்துக்கு அதில் நாலு பக்கம் வாசித்திருக்கலாம்.

கந்தோரில் அந்தப் பிள்ளை கடைசியில் பிறந்த மாவட்டத்துக்கு மட்டக்களப்பு என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் அம்பாறை என்றும் போட்டுத் தந்தது. நல்ல பிள்ளை, பாவம். அம்மா கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு என்னிடம் திரும்பினா.

"தம்பிலுவில் எண்டு ஒரு இடத்திலயும் இல்லியே மனே."