அச்சான புத்தகத்துக்கு பேட்ச் கிடையாது

பெங்களூரில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதுகிற தமிழர்கள் நிறையப் பேர். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில், கம்பெனி பஸ்ஸிலேயே அத்தியாயங்களை முடிப்பவர்களும் உண்டு. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் எழுதி முடித்த அன்றே கேடிபியில், அதாவது அமேசானின் சுயபதிப்புத் தளத்தில், ஏற்றிவிடுவதை ஏற்க முடியவில்லை. ஆபீசில் பத்து வரி கோடுக்கு ரிவ்யூ உண்டு. அறுபதாயிரம் சொல் நாவலுக்கு வேண்டாமா? மென்பொருளுக்குப் பின்னால் பேட்ச் போட்டுத் திருத்துவதுபோல் அச்சான புத்தகத்தைத் திருத்த முடியாது.

கையில் இருக்கும் காசில் முதல் செலவு மெய்ப்பு (ப்ரூஃப்) பார்ப்பவருக்குத்தான், அட்டைச் செலவெல்லாம் அதற்கு அப்புறம். ‘அரைக்குள் நுழைந்தான்’ என்று அடித்தால் எழுத்துப்பிழை திருத்தி கண்டுகொள்ளாது. ‘அரை’யும் சரியான சொல்தானே. ‘வேலை பார்த்தான்’ என்பதில் வேண்டாத ‘ப்’ நுழைந்தாலும் அப்படித்தான். இதற்கு மனிதக் கண் வேண்டும், அதுவும் திரையில் இல்லை, தாளில்.

நீங்களே செய்யக்கூடிய வேலை யூனிகோடை, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டை, சுத்தம் செய்வது. ‘கொ’வில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் பாதி கிடைக்காது. பைத்தான் நிரலில் என்எஃப்சி நார்மலைஸ் செய்தால், அதாவது எல்லாவற்றையும் ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவந்தால், தீர்ந்துவிடும். தீராதது ‘கௌரி’. பலர் கொம்போடு ‘ள’ எழுத்தைச் சேர்த்து ‘கெளரி’ என்று அடிக்கிறார்கள். மொத்தமாக மாற்றிவிடலாம் என்று ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால் ‘கெளுத்தி’ மீன் உடைந்துபோகும். ‘ஒள’வை ‘ஔ’ ஆக்கப் போனால் ‘ஒளி’யும் போச்சு. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்த கண்டம் பக்க வடிவமைப்பு. இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் ‘கெ’யின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். சில அச்சகங்களில் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வேலை செய்கிறார்கள். அந்த மாற்றத்தில் ‘ஸ்ரீ’, மேற்கோள் குறி எல்லாம் வேறு எழுத்தாகிவிடலாம். அதனால் வடிவமைப்பு முடிந்து வரும் பிடிஎஃப்பை அச்செடுத்து இன்னொரு மெய்ப்பு கட்டாயம். வேர்டில் பார்த்தாயிற்றே என்று விடாதீர்கள்.

டெம்மி என்ற புத்தக அளவு என்றால் 5.5க்கு 8.5 அங்குலம். பொதுவாக ஒரு ஃபாரத்துக்கு, அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் ஒரு தாளுக்கு, 16 பக்கம். உங்கள் நாவல் 243 பக்கத்தில் நின்றால் 256க்குக் காசு கொடுத்து 13 வெற்றுப் பக்கம் வாங்குகிறீர்கள். வரி இடைவெளியைச் சற்றுக் குறைத்து 240க்குள் கொண்டுவந்தால் சரியாக 15 ஃபாரம். முதலில் பிஓடியில், அதாவது வேண்டிய பிரதியை மட்டும் அச்சடிக்கும் முறையில், முப்பது பிரதி போதும். மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டில் முந்நூறு அடித்துவிட்டு முதல் பக்கத்திலேயே பிழையைப் பார்ப்பது கொடுமை.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, தனிநபரும் விண்ணப்பிக்கலாம். கிண்டில் மின்னூலுக்கு அது தேவையே இல்லை.

மின்னூலை அமேசானில் மட்டுமே விற்பதாக ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் டிக் அடிக்குமுன் யோசியுங்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி அதில் சேர்ந்தால்தான். ஆனால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. முகநூலில் தொடராகப் போட்ட அத்தியாயங்களும் இதில் அடக்கம். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை.

வெளியில் புத்தகம் போட்டுச் சம்பாதிக்கத் தடை உண்டா என்று வேலை ஒப்பந்தத்தைப் படித்து, தேவைப்பட்டால் எச்ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட வேண்டாம்.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவர ஆசையென்றால் ஆகஸ்டிலேயே எழுத்தை நிறுத்திவிடுங்கள். டிசம்பரில் அச்சகங்கள் ராப்பகலாக ஓடும், உங்கள் மெய்ப்பை நிதானமாகத் திருத்த அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. புத்தகம் வந்ததும் அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.