எட்டுப் பேர் கம்பெனிக்கு எதற்குக் குபர்நெட்டிஸ்?

சிறு வியாபாரிகளுக்கு பில்லிங், சரக்கிருப்பு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் நண்பர்களிடம் இப்போதெல்லாம் ஒரே பேச்சு. "எல்லாவற்றையும் கன்டெய்னரில் போட்டாயிற்று. அடுத்து குபர்நெட்டிஸ். அமேசானே பார்த்துக்கொள்ளும்." மென்பொருளையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவது கன்டெய்னர். அந்தப் பொட்டலங்களைப் பல சர்வர்களில் ஓட்டி மேய்க்கும் மென்பொருள் குபர்நெட்டிஸ். கன்டெய்னர் வரைக்கும் மகிழ்ச்சிதான். அமேசானே பார்த்துக்கொள்ளும் என்பதில்தான் எனக்கு வழக்கு.

அமேசான் 2018இல் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஈகேஎஸ் என்ற குபர்நெட்டிஸ் சேவை எதைப் பார்த்துக்கொள்கிறது? கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஏபிஐ சர்வரையும், கிளஸ்டரின் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டத்தின்) நிலையைச் சேமிக்கும் எட்சிடி தரவுத்தளத்தையும் விழாமல் காக்கிறது. சாதாரணமான காரியமல்ல அது. எட்சிடி கெட்டுப்போய் இரவெல்லாம் விழித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், சான்றிதழ் எப்போது காலாவதி, லாக் எங்கே போகிறது என்பதெல்லாம் நம் பாடு. கல்யாண மண்டபத்துக்காரர் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வார். பந்தியில் சாம்பார் தீர்ந்தால் அவரைப் பிடித்துக் கேட்க முடியாது. செயலிகள் ஓடும் சர்வர்களான நோடுகளையும் ஏற்றுக்கொள்ளும் ஆட்டோ மோட் 2024 இறுதியில் வந்தது, உண்மை. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

விற்பனைப் பேச்சில் யாரும் வாய் திறக்காத விஷயம் பதிப்பு மேம்படுத்தல். குபர்நெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வெளியிடுகிறது. ஈகேஎஸ்ஸில் ஒரு பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 14 மாதங்கள். அதற்குள் மாறாவிட்டால், கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலராக இருக்கும் கட்டணம் 0.60 ஆகிவிடும். மாதக் கணக்கில் ஏறக்குறைய 73 டாலர் 438 ஆகிறது, ஒரு பயனர்கூடக் கூடாமல். சரி, மாறிவிடலாம் என்றால் அதற்கும் ஆள் வேண்டும். 2021இல் வந்த 1.22 பதிப்பு, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உரிய செயலிக்கு அனுப்பும் இன்கிரஸின் பழைய பீட்டா வடிவத்தை நீக்கியபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய யாமல் என்ற அமைப்புக் கோப்புகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. எட்டுப் பேர் கம்பெனியில் இந்த வேலை யார் தலையில் விழும்? ஜிஎஸ்டி அறிக்கைத் திரையை எழுதிக்கொண்டிருக்கும் அதே பையன் தலையில்.

இந்த மென்பொருள்களின் பளு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு, விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் 11, வரி கட்டும் அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. அந்தத் தேதிகளை ஒட்டி நெரிசல். மற்றபடி கடை மூடியபின் ஈ ஆடாது. இந்தப் பளுவுக்கு கூகுளின் கிளவுட் ரன் போன்ற சேவையே போதும் என்பது என் கட்சி. கன்டெய்னர் இமேஜைக் கொடுத்தால் போதும். கோரிக்கை வந்தால் ஓடும் பிரதிகள் கூடுகின்றன, வராவிட்டால் பூஜ்யத்துக்கு இறங்குகின்றன. கிளஸ்டரும் இல்லை, பதிப்புத் தலைவலியும் இல்லை. மும்பையிலேயே ஓட்டலாம்.

அங்கேயும் கண்ணிகள் உண்டு. ஜாவா செயலி பூஜ்யத்திலிருந்து எழுந்துவர நேரம் எடுக்கும். காலையில் முதல் பில் போடும் கடைக்காரர் நம்மைத்தான் திட்டுவார். குறைந்தபட்சம் ஒரு பிரதி எப்போதும் விழித்திருக்கும்படி அமைத்துவிடுங்கள். இன்னொன்று இதைவிட நுட்பமானது. கோரிக்கை அடிப்படையில் கட்டணம் செலுத்தும் முறையில், பதில் அனுப்பியவுடன் சிபியு பெரும்பாலும் பறிக்கப்பட்டுவிடுகிறது. பின்னணியில் பிடிஎஃப் தயாரித்துக்கொண்டிருந்த இழை (த்ரெட்) பாதியில் உறைந்து நிற்கும், பிழைச்செய்திகூட இல்லாமல். அத்தகைய வேலைகளை ஜாப்ஸ் என்ற தனி வசதிக்கு மாற்றிவிட வேண்டும். தரவுத்தளத்தையோ எங்கே போனாலும் கன்டெய்னருக்குள் வைக்காதீர்கள். காப்புப் பிரதியோடு கிடைக்கும் தரவுத்தளச் சேவையை வாங்குங்கள். காசு அங்கேதான் செலவழிய வேண்டும்.

கிளவுடே வேண்டாம் என்று, பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம் வெளியேறியதை உடனே எடுத்துக்காட்டுவார்கள். 2022இல் அறிவித்தார்கள், சொந்த சர்வர் வாங்கினார்கள், கன்டெய்னர்களை நிறுவ கமல் என்ற கருவியைத் தாங்களே எழுதினார்கள். (நம்மூர் நடிகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சர்வர்களைப் பராமரிக்கவென்றே ஆட்கள் வைத்திருக்கும் நிறுவனம் அது. நம் நண்பருக்கு அது எப்படிப் பொருந்தும்?

பல அணிகள், பத்திருபது சேவைகள், தன் சொந்த தரவு மையத்திலும் அதே மென்பொருள் ஓட வேண்டும் என்று கேட்கும் பெரிய வாடிக்கையாளர் என்றெல்லாம் இருந்தால் குபர்நெட்டிஸ் எடுங்கள், நானே உட்கார்ந்து அமைத்துத் தருகிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும் எழுதிக் கொடுங்கள்: அடுத்த பதிப்பு மேம்படுத்தல் எந்த மாதம், உங்கள் அலுவலகத்தில் யார் பொறுப்பில்.