மோக்ஸா சூட்டினால் குருத்தெலும்பு வளராது

‘சீனத்து மோக்ஸா சூடு காட்டினால் மூட்டுத் தேய்மானம் குணமாகும், குருத்தெலும்பு திரும்ப வளரும், மாத்திரைகளை நிறுத்திவிடலாம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மோக்ஸா என்பது மாசிபத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலைப்பஞ்சு. அதைச் சுருட்டுபோல உருட்டிப் பற்றவைத்து, கனலும் முனையைத் தோலில் படாமல் சற்று மேலே பிடிப்பார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே பள்ளமாக இருக்கும் இடத்துக்குச் சீனர்கள் வைத்த பெயரே ‘கன்றின் மூக்கு’. அங்கே இதமாகச் சூடு ஏறும்போது வலியும் இறுக்கமும் தணிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. 2010-இல் யுனெஸ்கோ அக்குபங்சரோடு இதையும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். ஆனால் அது மரபுக்குத் தந்த மதிப்பு, மருத்துவச் சான்றிதழ் அல்ல.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்களே கிடையாது. தேய்ந்தது சூட்டினால் வளர்ந்துவிடாது. தொடைத் தசைக்கான பயிற்சியையும் எடைக் குறைப்பையும் விட்டுவிடாதீர்கள்.

நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதைக்கிறது. சுடுவதே தெரியாமல் தோல் கொப்புளித்துவிடும், அந்தப் புண் எளிதில் ஆறாது. மூட்டு சிவந்து, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் சூடு காட்டாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.