கவனச்சிதறல் என்று எழுதிவிட்டார்கள்

வியாழக்கிழமை நான் எழுதிய நான்கு வரிகளைப் பார்த்துவிட்டு உள்பெட்டியில் விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை. விஷயம் உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். பொருளாதாரத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என்னைப் பற்றித் துறை எழுதிய ஆண்டு முன்னேற்ற அறிக்கைதான். அதில் வந்த இந்த வாக்கியம்தான். "ஆய்வுக்குப் புறம்பான ஈடுபாடுகளால் கவனச்சிதறல் காணப்படுகிறது."

தெரியாதது ஒன்று இருக்கிறது. அதே வாரம் அச்சாகி வந்த துறையின் சேர்க்கைக் கையேட்டில் முதல் பக்கமே என் புகைப்படம். மேலே கொட்டை எழுத்தில், 'அனைவருக்குமான பொருளாதாரம்'. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அதுதான். அறிக்கையிலும் கையேட்டின் முன்னுரையிலும் கையொப்பம்கூட ஒன்றே.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். துறையில் மற்ற மாணவர்களுக்காக நான் செய்வதைப் 'புறம்பான ஈடுபாடு' என்கிறார்கள், அது வேலை. 'சேவை மனப்பான்மை' என்று மேடையில் பாராட்டி முடித்துவிடாதீர்கள். நேரம் பிடிக்கிற, தூக்கத்தைத் தின்கிற, தேர்ச்சி தேவைப்படுகிற வேலை.

முதலாமாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு வாசிப்புக் கூட்டம். கேட்கும் திறன் குறைந்த ஒரு மாணவர் சேர்ந்தபோது, கருத்தரங்கில் பேசுவது திரையில் எழுத்தாகத் தெரிவதற்காகப் பதினோரு மின்னஞ்சல்கள். எண்ணித்தான் சொல்கிறேன். பிறகு, பேசுபவரை முதல் பத்து நிமிடம் யாரும் குறுக்கிடக் கூடாது என்ற விதி. அந்த ஒரு விதிக்கு ஓராண்டு ஆனது.

அது ஏன் எனக்கு அவ்வளவு முக்கியம் என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டாம் ஆண்டில் என் முதல் கருத்தரங்கு. மூன்றாவது ஸ்லைடில் ஒருவர் நிறுத்தினார். "இந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும்?" பதில் ஐந்தாவது ஸ்லைடில் இருந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினோம், அதாவது பேசினார்கள். ஐந்தாவது ஸ்லைடை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் ஒருவர் தோளைத் தட்டி, "பொருளாதாரம் என்றால் அப்படித்தான், எல்லோருக்கும் நடக்கும்" என்றார். எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. 2021இல் பொருளாதார அறிஞர் பாஸ்கலின் டூபாவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வறிக்கைக்காக நூற்றுக்கணக்கான கருத்தரங்குகளில் ஆள் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறார்கள். பெண்கள் பேசும்போது கேள்விகள் அதிகம், மட்டம் தட்டுகிற கேள்விகளும் பகைமை தொனிக்கிற கேள்விகளும் அதிகம். அதைப் படித்த அன்று நிம்மதியாக இருந்தது. கழிவறையில் நான் அழுததற்கு ஓர் அட்டவணை எண் கிடைத்துவிட்டதே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

இனி நீங்கள் கேட்கப்போவது தெரியும். "யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, நீங்களாகத்தானே ஒப்புக்கொண்டீர்கள்?"

ஆமாம், நானாகத்தான். 2017இல் ஆய்வாளர் லிண்டா பாப்காக்கும் மூன்று சகாக்களும் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற ஆய்விதழில் ஒரு சோதனையை எழுதினார்கள். மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிடம். யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் லாபம், ஆனால் அழுத்தியவருக்கு மற்ற இருவரைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 50 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள். பெண்களுக்கு இளகிய மனம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் பொத்தான் அழுத்தப்படாமல் கிடக்கவில்லை, அவர்களே அழுத்திக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால்தான் கை மரத்துப்போகிறது! இன்னொரு சோதனையில் யாரிடம் கேட்பது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோதும், ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். எங்கள் துறைக் கூட்டத்தில் "இதை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தை நான் அறிவேன். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

"ஆய்வாளருக்கு ஆய்வுதானே முதன்மை?" சரி. என் மூன்றாம் அத்தியாயம் தாமதம்தான். தரவுக்கான அனுமதி வரவில்லை என்று நெறியாளரிடம் சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்கூட. முழு உண்மையல்ல. ஆனால் அந்தத் தாமதத்தில் என் பெயர் மட்டும் எப்படி வந்தது, துறையின் பெயர் ஏன் வரவில்லை?

"தனியாகப் பேசித் தீர்த்திருக்கலாமே?" பேசினேன். அடுத்த கேள்வி.

"திறமை இருந்தால் மேலே வரலாம், போட்டி பாகுபாட்டைத் தானே ஒழித்துவிடும்." பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1957இலேயே ஏறக்குறைய இந்தத் திசையில் எழுதிவிட்டார், நீங்கள் சிரமப்பட வேண்டாம். 1921இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதார முனைவரானவர் சேடி அலெக்சாண்டர், அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. மறுபடி மாணவியாகி, சட்டம் படித்து, வழக்கறிஞரானார். போட்டி அவருக்கு என்ன செய்தது? 2023இல் கிளாடியா கோல்டினுக்குப் பொருளாதார நோபல் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்பவர்களுக்கு: 2009 எலினோர் ஆஸ்ட்ரம், 2019 எஸ்தர் டுஃப்லோ, பிறகு கோல்டின். அந்தப் பரிசு தொடங்கிய 1969இலிருந்து 2025 வரை மூன்று பெண்கள். விரல்கள் மிச்சம் இருக்கின்றன.

என் ஆய்வேடே வேலைக்கு ஆள் எடுப்பதில் பரிந்துரை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றித்தான். யாருக்கு யாரைத் தெரியும், அந்தச் சங்கிலிக்கு வெளியே இருப்பவர் என்ன ஆகிறார். அதைச் சமன்பாடாக எழுதினால் ஆய்வு. நெறியாளரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்றே தெரியாமல் வரும் முதலாமாண்டுப் பெண்ணை ஒருவரிடம் அறிமுகப்படுத்தினால் கவனச்சிதறல்.

இவ்வளவு எழுதியும் உண்மையில் வலிப்பது அந்த வாக்கியம்கூட இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது. அறிக்கையை வாசித்த அறையில் மாணவர் பிரதிநிதியாக இன்னொருவரும் இருந்தார். அவருடைய வேலை விண்ணப்பக் கடிதத்தை நான்கு முறை திருத்திக் கொடுத்தது நான்தான். கடைசி முறை இரவு இரண்டு மணி. வேலையும் கிடைத்தது, மகிழ்ச்சி. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரவு எனக்கு ஓர் இதயக்குறி அனுப்பினார். சிவப்பு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே துறை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். 'சமவாய்ப்புக் குழுவை' மறுபடி அமைக்கிறார்களாம், ஒருங்கிணைப்புக்கு "உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை" என்கிறார்கள். 'மகிழ்ச்சியுடன்' என்று தட்டச்சு செய்துவிட்டேன். பிறகுதான் அழித்தேன்.