பத்து மணிக்கும் பட்டப்பகல்

ஜூன் மாதத்தில் குழந்தையோடு ஸ்டாக்ஹோம் போகிறவர்களிடம் யாராவது இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கலாம். அங்கே சூரியன் மறைய ராத்திரி பத்து மணி ஆகிறது. விடிகாலை மூன்றரைக்கெல்லாம் திரும்ப வந்து நிற்கிறது. நடுவிலும் முழு இருட்டு கிடையாது.

"இன்னும் ராத்திரியே வரலையேப்பா, எதுக்குத் தூங்கணும்?" என்கிறாள் ஐந்து வயது மகள். என்ன பதில் சொல்ல? விடுதி அறையின் திரைச்சீலை பேருக்குத்தான், கொசுவலையே தேவலை. என் மனைவியின் கறுப்புத் துப்பட்டாவை ஜன்னலில் செருகிப் பார்த்தோம். நாலு மணிக்கு அது கழன்று விழுந்தது. "அப்பா, விடிஞ்சாச்சு!"

மறுநாள் வாசா அருங்காட்சியகம். 1628இல் முதல் பயணத்தில், துறைமுகத்தைத் தாண்டுவதற்குள்ளேயே கவிழ்ந்து, 1961இல் வெளியே எடுக்கப்பட்ட போர்க்கப்பல்தான் வாசா. மரம் கெடாமல் இருக்க உள்ளே மங்கலான வெளிச்சம்தான். அந்தப் பிரம்மாண்டத்தை நான் அண்ணாந்து பார்க்கிறேன், இவள் என் தோளில் குறட்டை விடுகிறாள்! நல்லவேளை, குழந்தைகளுக்கு அங்கே டிக்கெட் இல்லை. அப்புறம் என்ன, ராத்திரி பத்து மணிக்குப் புத்துணர்ச்சியோடு எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.