ஒரு துண்டால் எதுவும் மாறுவதில்லை

திருநர்கள், அதாவது பிறப்பில் பதிந்த பாலினம் தமக்குப் பொருந்தாதவர்கள், தம் பத்திரங்களை மாற்றுவது பற்றி நேற்றிரவு நடந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று விளங்கும். "டொக்டரிட்ட ஒரு துண்டு எடுத்தாப் போதும், ஆண் பெண்ணாகிடலாம்" என்று அதில் பேசிய ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அப்படியொரு துண்டு இலங்கையில் இல்லை. இருப்பது பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ்; பத்திரங்களில் ஆண், பெண் என்பதைத் திருத்த அதைத்தான் காட்ட வேண்டும். அதற்கென்று தனிச் சட்டமும் கிடையாது; 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபம்தான் அடிப்படை. 16 வயது தாண்டியிருக்க வேண்டும். உளநல வைத்திய நிபுணர் கிளினிக்கில் பார்த்து, மதிப்பிட்டு, ஒப்பமிட வேண்டும். ஹோர்மோனும் சத்திர சிகிச்சையும் அந்தச் சான்றிதழின் படிவத்திலேயே வருகின்றன. எந்தளவு சிகிச்சை போதும் என்பதை ஒரு வைத்தியர் ஒரு மாதிரி எடுப்பார், இன்னொருவர் வேறு மாதிரி. ஆட்கள் மாட்டுப்படுவது இங்கேதான். இரத்தம் உறையும் நோய் உள்ளவருக்குப் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் ஆபத்து. இருதய நோயாளிக்குச் சத்திர சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்க எந்த வைத்தியரும் யோசிப்பார். அவர்கள் சாகும்வரை பழைய பெயரோடு இருக்க வேண்டுமா?

சான்றிதழ் கிடைத்தாலும் அது தொடக்கம்தான். பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்திய பிரதியோடு ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். நம் அடையாள அட்டையின் இலக்கமே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும்: பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிப்பவை, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரி 1இல் பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. பெயரை மட்டும் திருத்தினால் இலக்கம் காட்டிக் கொடுக்கும். இலக்கம் மாறினாலோ வங்கி, ஊழியர் சேமலாப நிதி, சாரதி அனுமதிப்பத்திரம், சிம் எல்லாம் பழைய இலக்கத்தில் நிற்கும். சாதாரண தரப் பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களம், கடவுச்சீட்டுக்குக் குடிவரவுத் திணைக்களம். பழைய அட்டையைக் கையளிக்கும் முன் உறுதிப்படுத்திய பிரதி எடுத்து வையுங்கள். இரண்டு இலக்கமும் ஒருவருடையதுதான் என்று காட்ட முடியாவிட்டால், சொந்தச் சேமிப்பையே எடுக்க அலைய வேண்டிவரும்.

"பத்திரத்தை இலகுவாக மாற்றவிட்டால் மோசடிக்கு இடம் கொடுக்கும்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: மோசடி செய்ய நினைப்பவன் இத்தனை திணைக்களங்களில் தன் கையொப்பத்தை விட்டுவிட்டுப் போவானா? அட்டையும் முகமும் பொருந்தாததற்காக, தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவைக் காட்டி ஆள்மாறாட்டம் என்று மிரட்டப்படுவது திருநர்கள்தான்.

"வைத்தியர் பார்க்காமல் எப்படி?" சிகிச்சைக்கு வைத்தியர் கட்டாயம் வேண்டும். நான் கேட்பது பத்திரத்தைப் பற்றி. ஆர்ஜென்டினா 2012இலேயே சத்திர சிகிச்சையும் வேண்டாம், வைத்தியச் சான்றும் வேண்டாம், ஆளின் விண்ணப்பமே போதும் என்று சட்டம் செய்தது. மதத்தை இழுக்கப்போகிறவர்களோடு பேச இன்று எனக்குத் தெம்பில்லை.

சத்திர சிகிச்சை செய்தாயா என்று முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்க நமக்கு எப்படி வாய் வருகிறது? உங்கள் அக்காவிடம் யாராவது அப்படிக் கேட்டால் சும்மா இருப்பீர்களா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திருநங்கைகள் இருக்கிறார்கள், திருநம்பிகள் இருக்கிறார்கள், தமிழில் தெளிவாகப் பேசக்கூடியவர்கள். நேற்று அத்தனை நேரம் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை.