ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் ஒரு கூட்டம் நடந்தது. இயேசுவை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் பருக வேண்டுமா, ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் கொடுக்கலாமா என்பதுதான் பேச்சு. இரண்டு பக்கத்தாரும் வேதத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். "பாத்திரம் என்று ஒருமையில்தானே எழுதியிருக்கிறது" என்று சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர் வசனத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "பாத்திரத்தையா குடிக்கிறோம், அதில் இருப்பதைத்தானே ஐயா" என்றார் இன்னொருவர். இரண்டு மணி நேரம் போனது.

கடைசி வரிசையில் ஒரு அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது, அது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிண்ணத்தைப் பற்றி நான் இரண்டு முறை எழுந்து பேசினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சபைக்கு வேதமே மாதிரி என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அந்த நாளுக்குப் பிறகும் அது மாறவில்லை, சொல்லப்போனால் இன்னும் உறுதியாயிற்று. மனிதர்கள் தங்களுக்குப் பிடித்தபடி சபையைக் கட்டினால் கடைசியில் பலமுள்ளவனின் விருப்பம்தான் சபையாக நிற்கும். அதனால்தான் ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யப்போன மோசேயிடம், மலையில் காண்பிக்கப்பட்ட மாதிரியின்படியே எல்லாவற்றையும் செய் என்று தேவன் சொன்னார். எபிரெயர் 8-ல் அதே வார்த்தை திரும்ப வருகிறது.

ஆனால் அந்த "மாதிரி" என்ற சொல் நம் தமிழ் வேதத்தில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? சீஷருடைய கால்களைக் கழுவித் துடைத்துவிட்டு, மேல் வஸ்திரத்தைத் தரித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்த பிறகு, "உங்களுக்கு மாதிரியைக் காண்பித்தேன்" என்கிறார் இயேசு. அது யோவான் 13. பேதுரு மூப்பர்களுக்கு எழுதும்போது, இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரிகளாக இருங்கள் என்கிறார். கூடாரத்தின் அளவைக் குறிக்கும் அதே சொல்தான் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தவரின் செயலுக்கும் வருகிறது. மாதிரி, மாதிரி என்று பேசுகிற நாம் இதை எத்தனை தரம் பேசியிருக்கிறோம்?

சரி, பாத்திர விஷயத்துக்கே வருகிறேன். அப்போஸ்தலர்கள் சபைகளுக்கு எழுதின கடிதங்களாகிய நிருபங்களில் திருவிருந்தைப் பற்றி மிக நீளமான போதனை 1 கொரிந்தியர் 11-ல் இருக்கிறது. பவுல் அதை ஏன் எழுதினார்? பாத்திரங்களின் எண்ணிக்கையில் யாரும் தவறியதால் எழுதவில்லை. கூடிவந்த இடத்தில் ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறியாயிருந்தான். வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், கையில் ஒன்றும் இல்லாதவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று பவுல் கேட்கிறார். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிற அளவுக்குப் போகிறார். அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணின அந்த வார்த்தைகளை, இன்று நாம் ஒவ்வொரு திருவிருந்திலும் வாசிக்கிற அதே வசனங்களை, இந்தக் கண்டனத்தின் நடுவில்தான் வைத்திருக்கிறார். கடைசியில் அவர் கொடுக்கிற கட்டளை மிகச் சின்னது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் அந்த அதிகாரத்தில் பாத்திரத்தைப் பற்றின 25-ஆம் வசனத்தைப் பத்துத் தரமாவது வாசித்திருப்போம். இல்லாதவர்களைப் பற்றின 22-ஐயும், காத்திருக்கச் சொல்லுகிற 33-ஐயும் யாரும் வாசிக்கவில்லை.

அப்புறம் அப்போஸ்தலர் 6. எனக்கு இதைவிடப் பெரிய சபை ஒழுங்கு வேதத்தில் தெரியவில்லை. எருசலேமில் தினசரி உதவி கொடுக்கும்போது கிரேக்கு மொழி பேசுகிற யூதரின் விதவைகள் விடுபட்டுப்போனார்கள். முறுமுறுப்பு எழும்பிற்று. அப்போஸ்தலர்கள் "முறுமுறுக்காதீர்கள்" என்று அடக்கவில்லை. எல்லாரையும் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். சபை தெரிந்தெடுத்தவர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா பிறப்பால் யூதர்கூட இல்லை, யூதமார்க்கத்தில் வந்த அந்தியோகியா ஊரார். யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கப் பெயர் வைத்த எபிரெயரும் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் ஏழுக்கு ஏழும் அப்படி அமைந்ததைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

சபையில் இப்படிப்பட்ட உதவி வேலையைப் பார்க்கிற உதவிக்காரர் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த அதிகாரத்தை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரை இந்த வேலைக்கு வைக்க வேண்டும் என்பதற்கு எடுக்கிறவர்கள் மிகக் குறைவு.

மூப்பர்கள் விஷயத்திலும் வேதம் தெளிவாகவே பேசுகிறது. பவுலும் பர்னபாவும் சபைகள்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள், பன்மையில். எபேசுவின் மூப்பர்களை வரவழைத்து, அவர்களையே கண்காணிகள், அதாவது பிஷப்புகள், என்று அழைக்கிறார் பவுல். தீத்து 1-லும் இரண்டு பெயரும் ஒரே ஆட்களுக்குத்தான். ஒரே கண்காணி மூப்பர்களுக்கு மேலே நிற்கும் அமைப்பு இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் கண்காணியான இக்னேஷியஸின் கடிதங்களில் நன்றாகத் தெரிகிறது. ஆதியில் மூப்பரும் கண்காணியும் ஒன்றே என்று நான்காம் நூற்றாண்டில் பிறந்த வேத அறிஞர் ஜெரோமும் எழுதியிருக்கிறார். ஆகவே ஒரே மனிதரின் கையில் முழுச் சபையும் இருப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் ஐந்து மூப்பர்கள் இருந்தும் ஐந்து பேரும் யார் சொல்லையும் கேட்காவிட்டால், எண்ணிக்கை சரியாக இருந்து என்ன பயன்?

"வேதம் மௌனமாயிருக்கிற இடத்தில் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். பழைய கேள்விதான். 1520-களிலேயே, சபைச் சீர்திருத்தத் தலைவர்கள் நடுவில் இதில் இரண்டு வழி பிரிந்தது. வேதத்துக்கு விரோதமில்லாத பழக்கம் இருக்கட்டும் என்றார் லூத்தர். வேதம் கட்டளையிடாதது ஆராதனையில் வேண்டாம் என்று சூரிக் நகரத்தில் ஸ்விங்லி நின்றார். பல இசைக்கருவிகளை வாசிக்கத் தெரிந்த ஸ்விங்லியின் சபையில் ஆர்கன் ஓய்ந்தது, பாட்டும் நின்றது. தனக்கு உயிரானதையே விட்டுக்கொடுத்த அந்த மனதை மதிக்கிறேன். ஆனால் சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் பாடுங்கள் என்று கொலோசெயர் 3 சொல்லும்போது பாட்டையும் நிறுத்தியது தவறு என்றே நினைக்கிறேன்.

என் மனதில் இருக்கும் அளவு இதுதான். கட்டளை இருந்தால் கீழ்ப்படிவோம். அப்போஸ்தலருடைய சபைகள் திரும்பத் திரும்பச் செய்ததைப் பின்பற்றுவோம். ஒரு தடவை நடந்த சம்பவத்தைச் சட்டமாக்க வேண்டாம். துரோவா பட்டணத்தில் அப்பம் பிட்கக் கூடினபோது மேல்வீட்டில் அநேக விளக்குகள் இருந்தன, அதற்காக விளக்குகளை யாரும் எண்ணுவதில்லை. அதேபோல, பரிசுத்த முத்தத்தால் வாழ்த்துங்கள் என்று நிருபங்களில் நான்கு இடத்தில் இருந்தும், அது அன்பைக் காட்டும் அந்தக் கால வழி என்று புரிந்துகொண்டு கைகுலுக்குகிறோம். அங்கே காட்டுகிற அதே நிதானத்தைக் கிண்ணத்திலும் காட்டினால் என்ன?

அந்த அண்ணன் அதற்குப் பிறகு நான்கு வாரம் வரவில்லை. ஐந்தாவது வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "உள்ளே வாங்க தம்பி" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிற்பாடு வேலை கிடைத்தது, திரும்ப வரவும் தொடங்கினார். இன்றும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார்.

போன மாதம் புதிய உதவிக்காரர்களைத் தெரிந்தெடுக்கும் பேச்சு வந்தது. கஷ்டத்தில் இருந்தபோது நம்மிடம் உதவி கிடைக்காமல் போனவர்களிலிருந்து இரண்டு பேரையாவது எடுப்போம் என்று சொன்னேன். அப்போஸ்தலர் 6-ஐ வாசித்தும் காட்டினேன். ஜெபித்து யோசித்து அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம் என்று மூப்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த அண்ணனின் சம்மதத்தைக் கேட்டு, அவர் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.